பெருக்கலைத் துறந்த கணிதம்: இசைவாக்க வடிகட்டிகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கணித வரலாறும் தொழினுட்ப வரலாறும் பெரும்பாலும் சேர்க்கைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளன. புதிய தேற்றம், புதிய கருவி, புதிய கோட்பாடு என ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செல்லும் அவ்வரலாற்றிலே, எவை கைவிடப்பட்டன, ஏன் கைவிடப்பட்டன என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலே தொலைத்தொடர்புத் துறையில் வளர்ந்த ஒரு கருவியின் வரலாறு பெருமளவுக்குக் கைவிடுதலின் வரலாறாகவே அமைந்துள்ளது. இசைவாக்க இலக்கமுறை வடிகட்டி என்பதே அக்கருவி. அதன் கணிப்பிலே பெருக்கற் செய்கையை எவ்வாறு குறைப்பது, இயலுமாயின் எவ்வாறு முற்றாக நீக்குவது என்பது பொறியியலாளர் பல தசாப்தங்களாக எதிர்நோக்கிய பிரச்சினையாகும். அவ்வெளிமையாக்கம் எதனால் வேண்டப்பட்டது, எங்கே பலித்தது, எங்கே தவறிற்று என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெருக்கலைத் தவிர்க்கும் முயற்சி இந்நூற்றாண்டுகளுக்கு மட்டும் உரியதன்று. 1614இல் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த யோன் நேப்பியர் வெளியிட்ட மடக்கை அட்டவணை, பெருக்கலைக் கூட்டலாக மாற்றித் தந்தது. நீண்ட எண்களைப் பெருக்கிப் பெருக்கிச் சோர்ந்த வானியலாளரின் உழைப்பே அவ்வட்டவணையை வேண்டிநின்றது. மனிதக் கையின் இடத்தை இயந்திரம் பிடித்தபின்னரும் பெருக்கல் சுமையாகவே இருந்தது. இரும எண்முறையிலே 16 இலக்கங்கள் கொண்ட இரு எண்களை நேரடியாகப் பெருக்குவதாயின் 16 பகுதிப் பெருக்கங்களை அமைத்து அவற்றைக் கூட்ட வேண்டும். கூட்டல் ஒன்றுக்கு வேண்டிய சுற்றைவிடப் பெருக்கல் ஒன்றுக்கு வேண்டிய சுற்று பன்மடங்கு பெரிது. அல்லது, சுற்று சிறிதாயின், எடுக்கும் நேரம் பன்மடங்கு நீண்டது. இப்பொருளியல் உண்மையே பின்வரும் வரலாற்றின் அடித்தளமாகும்.

வடிகட்டியும் அதன் இருவகைக் கணிப்பும்

பேச்சொலியோ தந்திச் சைகையோ மின்னலையாகக் கம்பியிற் செல்லும்போது இரைச்சலும் எதிரொலியும் திரிபும் அதனோடு கலந்துவிடுகின்றன. வேண்டாததைத் தடுத்து வேண்டியதைச் செல்லவிடுவது வடிகட்டியின் பணி. இலக்கமுறையிலே அவ்வலை சமமான கால இடைவெளிகளில் அளக்கப்பட்டு எண்களின் தொடராக மாற்றப்படுகின்றது. தொலைபேசிப் பேச்சைச் செக்கனுக்கு 8,000 தடவை அளப்பது வழக்கம். அண்மையில் வந்த எண்கள் ஒவ்வொன்றையும் அதற்குரிய ஒரு நிறையாற் பெருக்கி, பெருக்கங்களையெல்லாம் கூட்டி, வரும் தொகையை விடையாக வெளியிடுவதே வடிகட்டியின் செயல்முறை. நிறைகளை மாற்றினால் வடிகட்டியின் இயல்பும் மாறிவிடும்.

வேண்டிய நிறைகள் முன்கூட்டியே தெரிந்திருப்பின் வேலை இலகுவானது. ஆனால் தொலைபேசிக் கம்பியின் இயல்பு அழைப்புக்கு அழைப்பு வேறுபடும். ஓர் அழைப்பினுள்ளேயே மாறுதலும் உண்டு. எனவே தன் நிறைகளைத் தானே திருத்திக்கொள்ளும் வடிகட்டி தேவைப்பட்டது. அதுவே இசைவாக்க வடிகட்டி. அது தான் தந்த விடையை வரவேண்டிய விடையோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை, அதாவது வழுவைக் கண்டு, அவ்வழு குறையும் திசையிலே தன் நிறைகளைச் சிறிது சிறிதாக நகர்த்துகின்றது. ஆகவே ஒவ்வோர் எண் வரும்போதும் இருவகைக் கணிப்புக்கள் நிகழ்கின்றன. விடையைத் தருவது வடித்தற் கணிப்பு; நிறைகளை மாற்றுவது திருத்தற் கணிப்பு. எளிமையாக்கத்தின் வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு இவ்வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது.

வீனரிலிருந்து விட்ரோ வரை

மிகச் சிறந்த நிறைகள் எவை என்னும் வினாவுக்குக் கணித முறையில் விடை கண்டோருள் இருவர் முதன்மையானவர்கள். சோவியத் ஒன்றியத்தின் அந்திரேய் கொல்மொகொரொவ் 1941இல் இப்பொருள்பற்றி எழுதினார். அமெரிக்காவின் நோபேட் வீனர், பறந்துகொண்டிருக்கும் விமானம் அடுத்து எங்கிருக்கும் என முன்னுரைக்கும் பிரச்சினையை விமான எதிர்ப்புப் பீரங்கிகளின் தேவைக்காக ஆராய்ந்து, 1942இல் இரகசிய அறிக்கையொன்றை வரைந்தார். யுத்தம் முடிந்தபின் 1949இலேயே அது நூலாக வெளிவந்தது. வீனரின் கணிதம் பொறியியலாளர் பலருக்கு எட்டாததாயிருந்தது. அதனை எண் தொடர்களுக்குப் பொருந்துமாறு எளிமையாக்கியவர் நோமன் லெவின்சன். நூறு நிறைகளைக் காண்பதற்கு நூறு சமன்பாடுகளை ஒருங்கே தீர்க்கவேண்டும். வழக்கமான முறையில் இதற்கு வேண்டிய செய்கைகளின் தொகை நூறின் கனத்தின் அளவில், அதாவது பத்து இலட்சம் என்ற அளவில் அமையும். இச்சமன்பாடுகளின் குணகங்கள் ஒரே ஒழுங்கில் மீண்டும் மீண்டும் வருவதைப் பயன்படுத்தி, அத்தொகையை நூறின் வர்க்கத்தின் அளவுக்கு, அதாவது பத்தாயிரம் என்ற அளவுக்கு லெவின்சன் குறைத்தார். இங்கு எதுவும் அண்ணளவாக்கப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. விடை அதுவே, வழி மட்டும் குறுகியது.

எனினும் இம்முறைகள் சைகையின் சராசரி இயல்புகள் முன்னரே தெரிந்திருக்கவேண்டும் என எதிர்பார்த்தன. 1959இன் இலையுதிர்காலத்திலே ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பேணாட் விட்ரோவும் அவரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்த மார்சியன் ஹொவ்வும் இவ்வெதிர்பார்ப்பையே கைவிட்டனர். வழுவின் வர்க்கத்தின் சராசரி இழிவாகும் நிலையை நோக்கிச் செல்வது அவர்களது குறிக்கோள். சராசரியைக் காண்பதற்கு நீண்ட நேர அளவீடும் பெருங்கணிப்பும் வேண்டும். அவர்களோ அக்கணத்திற் கிடைத்த ஒரேயொரு வழுவைச் சராசரியின் இடத்தில் வைத்தனர். அவர்களது விதியைச் சொற்களிற் கூறின், ஒவ்வொரு நிறையின் புதிய பெறுமானம் அதன் பழைய பெறுமானத்தோடு படியளவு, வழு, உள்ளீடு ஆகிய மூன்றினதும் பெருக்கத்தைக் கூட்டுவதாற் பெறப்படும். ஒரு கணத்தின் வழு சராசரியினின்றும் விலகியிருக்கும் என்பது உண்மையே. ஆனால் படியளவு சிறிதாயிருப்பின் ஒரு திருத்தத்தின் விலகலை மற்றொரு திருத்தம் ஈடுசெய்துவிடும். சராசரி காணும் வேலை காலத்திடம் ஒப்படைக்கப்பட்டது எனலாம். இதற்கு இனமான கருத்தொன்றை 1951இல் றொபின்ஸ், மொன்றோ என்னும் புள்ளிவிபரவியலாளர் இருவர் வெளியிட்டிருந்தனர். விட்ரோவும் ஹொவ்வும் 1960இல் வெளியிட்ட விதி பின்னர் எல்.எம்.எஸ். என்னும் பெயராற் பிரசித்தி பெற்றது.

அவர்கள் அவ்விதியை முதலிற் பயன்படுத்திய அடலைன் என்னும் பொறியிலே உள்ளீடுகள் யாவும் சக ஒன்றாகவோ சய ஒன்றாகவோ மட்டுமே இருந்தன. ஆகவே உள்ளீட்டாற் பெருக்குதல் என்பது அங்கு குறியை மாற்றுதலன்றி வேறில்லை. பெருக்கலற்ற திருத்தம் என்னும் எண்ணத்தின் வித்து விதியின் பிறப்பிலேயே இருந்தது எனக் கொள்ளலாம்.

தரவின் வேகமும் லக்கியின் சமப்படுத்தியும்

1960களிலே தொலைவிலுள்ள கணனிகள் தம்முள் தரவுகளைப் பரிமாறுவதற்குத் தொலைபேசிக் கம்பிகளையே நம்பியிருந்தன. பேச்சுக்கென அமைக்கப்பட்ட கம்பியிலே ஒரு துடிப்பை அனுப்பினால் அது மறுமுனையில் அகன்று, அயலிலுள்ள துடிப்புக்களோடு கலந்துவிடும். பேச்சிலே இத்திரிபைக் காது பொருட்படுத்துவதில்லை. தரவிலோ ஒன்று பூச்சியமாகவும் பூச்சியம் ஒன்றாகவும் மாறிவிடும். இத்திரிபை ஈடுசெய்யும் வடிகட்டியே சமப்படுத்தி எனப்படுகின்றது.

பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தைச் சேர்ந்த றொபேட் லக்கி 1965இல் வெளியிட்ட கட்டுரையிலே தானாகவே சரிசெய்துகொள்ளும் சமப்படுத்தி விளக்கப்பட்டது. தரவை அனுப்புமுன் சில சோதனைத் துடிப்புக்கள் அனுப்பப்படும். வந்துசேரும் துடிப்பின் ஒவ்வோர் இடத்திலும் எஞ்சியுள்ள திரிபு எவ்வளவு என்பதை லக்கியின் கருவி அளக்கவில்லை. அது சகமா சயமா என்பதை மட்டும் நோக்கி, உரிய நிறையை ஒரு மாறாப் படியாற் கூட்டியோ குறைத்தோ விட்டது. 1966இல் அவர் சோதனைத் துடிப்புக்களையும் தவிர்த்து, வந்துகொண்டிருக்கும் தரவிலிருந்தே திருத்தத்தைப் பெறும் முறையை வெளியிட்டார். இவ்விதி விட்ரோ, ஹொவ் ஆகியோரின் விதியினின்றும் வேறானது. வழுவின் வர்க்கத்தையன்றித் துடிப்பின் உச்சத் திரிபைக் குறைப்பதை அது நோக்காகக் கொண்டது. தொடக்கத் திரிபு ஓர் எல்லைக்குட்பட்டிருப்பின் இம்முறை இலக்கை அடையும் என்னும் நிறுவலையும் லக்கி தந்தார். மாறா நிலைச் சமப்படுத்திகளோடு செக்கனுக்கு 2,400 இரும இலக்கங்களை அனுப்பிவந்த தொலைபேசிக் கம்பியில், 1970களின் தொடக்கத்திலே 9,600 இலக்கங்களை அனுப்புதல் சாத்தியமாயிற்று. புதிய கம்பி இடப்படவில்லை. பழைய கம்பியின் குறையை அறிந்து திருத்தும் கணிதமே புதிது.

செய்மதியும் எதிரொலியும்

சமப்படுத்திக்குச் சில பத்து நிறைகள் போதுமாயிருந்தன. எதிரொலிப் பிரச்சினையோ கணிப்பின் சுமையைப் பன்மடங்காக்கியது. 1965இல் ஏர்லி பேர்ட் என்னும் செய்மதி வர்த்தகத் தொலைபேசிச் சேவைக்கு வந்தது. அத்தகைய செய்மதி மத்திய கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிலைகொள்வது. பேச்சு மேலேறி மறுகரையில் இறங்குவதற்குக் காற் செக்கனுக்கு மேலாகும். மறுமுனையிலுள்ள தொலைபேசி இணைப்பிற் பட்டுத் திரும்பும் எதிரொலி, பேசியவரின் காதை ஏறத்தாழ அரைச் செக்கனின் பின் வந்தடையும். தன் சொல்லே தனக்குக் குறுக்கே வரும்போது எவரும் இயல்பாகப் பேச முடியாது. முன்னர் பயன்பட்ட எதிரொலி அடக்கிகள் ஒருவர் பேசும்போது மற்றவரின் வழியை மூடிவிட்டன. இருவரும் ஒருங்கே பேசினால் சொற்கள் அறுந்தன.

பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஜோன் கெலி, பெஞ்சமின் லோகன் ஆகியோரும் இந்தியாவிற் பிறந்த மான் மோகன் சோந்தியும் வேறொரு வழியைக் கண்டனர். எதிரொலியின் போலியொன்றை இசைவாக்க வடிகட்டியால் உருவாக்கி, வரும் ஒலியிலிருந்து அதனைக் கழித்துவிடுவதே அவ்வழி. சோந்தியின் கட்டுரை 1967இல் வெளிவந்தது. கெலி, லோகன் இருவரது ஆக்கவுரிமை 1970இல் வழங்கப்பட்டது. ஆனால் கருத்து வெளிவந்து பல ஆண்டுகள் சென்றும் அது தொலைபேசி வலையமைப்பிற் பரவவில்லை. அதற்கான காரணத்தை ஓர் எளிய கணக்காற் காட்டலாம். 128 நிறைகள் கொண்ட வடிகட்டியில் ஒவ்வோர் எண்ணுக்கும் வடித்தலுக்கு 128 பெருக்கல், திருத்தலுக்கு 128 பெருக்கல், ஆக 256 பெருக்கல் வேண்டும். செக்கனுக்கு 8,000 எண்களாயின் பெருக்கல்களின் தொகை 20,48,000. இது தொலைபேசி வழி ஒன்றுக்கு மட்டும் உரிய கணக்கு. 1960களின் சுற்றுக்களைக் கொண்டு இதனை வழிதோறும் செய்வது விலைக்கு ஒவ்வாதது. கருத்து இருந்தது, கருவிக்கு விலை தடையாயிற்று. எளிமையாக்கம் அறிவியல் ஆர்வத்தால் மட்டுமன்றி, சமூகப் பயன்பாட்டின் முன்நிபந்தனையாகவும் வேண்டப்பட்டமை இதனாற் புலனாகும்.

பெருக்கலை நீக்கிய வழிகள்

1970களிலும் 1980களிலும் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளை நான்காக வகுத்து நோக்கலாம்.

முதலாவது, குறியை மட்டும் கொள்ளும் வழி. பெருக்கலின் உறுப்புக்களுள் ஒன்று சக ஒன்றாகவோ சய ஒன்றாகவோ ஆக்கப்பட்டால் பெருக்கல் மறைந்துவிடும். வழுவின் குறியை மட்டும் கொள்ளலாம். உள்ளீட்டின் குறியை மட்டும் கொள்ளலாம். இரண்டினதும் குறிகளையும் மட்டுமே கொள்ளலாம். உள்ளீட்டின் குறியைக் கொள்ளும் முறையை ஸ்ரான்போர்ட்டில் மொஷ்னர் 1970இல் தமது ஆய்வேட்டுப் பொருளாக்கினார். வீடொன்றைத் தேடிச் செல்பவனுக்கு ‘இன்னும் நூறு யார் கிழக்கே’ எனக் கூறாது ‘கிழக்கே’ என்று மட்டும் கூறினாலும், வீட்டைத் தாண்டியதும் ‘மேற்கே’ எனக் கூறுவார் இருப்பின், அவன் சிறிது தாமதித்தேனும் வாசலை அண்மிப்பான். எனினும் வாசலில் நிற்கமாட்டான். முன்னும் பின்னுமாக ஓரடி எடுத்துவைத்துக்கொண்டே இருப்பான். இம்முறையின் ஆற்றலும் குறைபாடும் இதுவே. சர்வதேச தந்தி தொலைபேசி ஆலோசனைக் குழு 1984இல் ஏற்றுக்கொண்ட ஜி.721 என்னும் நியமம், செக்கனுக்கு 64,000 இரும இலக்கங்களிற் செல்லும் பேச்சை 32,000 இலக்கங்களிற் செலுத்த வழிசெய்தது. அதன் முன்னுரைப்பானில் ஆறு நிறைகள் இரு குறிகளை மட்டும் கொள்ளும் விதியாலேயே திருத்தப்படுகின்றன. படியளவு 128இல் ஒரு பங்கு. பழைய பெறுமானத்திலிருந்து ஒவ்வொரு முறையும் கழிக்கப்படுவது அதன் 256இல் ஒரு பங்கு. இவ்விரு எண்களும் தற்செயலாகத் தெரிவுசெய்யப்பட்டவையல்ல என்பது அடுத்த வழியை நோக்குமிடத்துத் தெளிவாகும்.

இரண்டாவது, இரண்டின் வலுக்களைப் பயன்படுத்தும் வழி. பதின்ம முறையிற் பத்தாற் பெருக்குவதற்குப் பூச்சியம் ஒன்றைச் சேர்த்தல் போதும். இரும முறையில் இரண்டாற் பெருக்குவதற்கும் அவ்வாறே. 13 என்னும் எண் இருமத்தில் 1101. அதனை நான்காற் பெருக்க இலக்கங்களை இரு இடம் நகர்த்தி 110100 என எழுதினால் 52 வந்துவிடும். எனவே வழுவையோ உள்ளீட்டையோ அதற்கண்மையிலுள்ள இரண்டின் வலுவாக அண்ணளவாக்கினால், பெருக்கல் இடநகர்வாகச் சுருங்கும். குறியை மட்டும் கொள்ளும் முறையைவிட இது பருமன் பற்றிய செய்தியையும் ஓரளவு பேணுகின்றது. பெல் ஆய்வுகூடத்தின் டொனால்ட் டட்வைலர் 1982இல், திருத்தற் பெருக்கலை இவ்வாறு பருமட்டாகச் செய்வதால் இலக்கையடையும் வேகம் எவ்வளவு குறையும் என ஆராய்ந்தார். சுற்றிற் கிடைக்கும் சிக்கனத்தோடு ஒப்பிடுமிடத்து இழப்புச் சிறிது என்பது அவ்வாய்வின் பயன். 1980இல் அவரும் சக ஆய்வாளர் ஒருவரும் 128 நிறைகள் கொண்ட எதிரொலி நீக்கியைத் தனியொரு சில்லில் அமைத்த செய்தியை வெளியிட்டிருந்தனர். சோந்தியின் கட்டுரைக்கும் அச்சில்லுக்கும் இடைப்பட்ட காலம் பதின்மூன்று ஆண்டுகள்.

மூன்றாவது, அட்டவணை வழி. நான்கு நிறைகள் உள எனக் கொள்வோமாயின், அவற்றுட் சிலவற்றைத் தெரிந்து கூட்டக்கூடிய தொகைகள் பதினாறு மட்டுமே. அப்பதினாறையும் முன்கூட்டியே நினைவகத்தில் வைத்துவிட்டால், உள்ளீடுகளின் இரும இலக்கங்களையே முகவரியாகக் கொண்டு உரிய தொகையை எடுத்து, இடநகர்த்திக் கூட்டி, பெருக்கல் எதுவுமின்றி வடிகட்டியின் விடையைப் பெறலாம். பிரான்சிலே ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த குரோசியே முதலியோர் 1973இல் ஆக்கவுரிமை பெற்ற இம்முறையை, 1974இல் பீலட், லியூ ஆகியோரின் கட்டுரை பரவலாக அறிமுகப்படுத்தியது. இங்கும் விடை அண்ணளவானதன்று. ஆனால் நிறைகள் மாறிக்கொண்டேயிருக்கும் வடிகட்டிக்கு அட்டவணையையும் ஓயாது மாற்றவேண்டுமே என்னும் தடை எழுந்தது. 1981இல் எடின்பரோவில் கொவன், மேவர் ஆகியோர் அட்டவணையின் பதிவுகளையே நேராகத் திருத்தும் முறையால் அதற்கு விடை கண்டனர். பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் அட்டவணையை நேப்பியர் எடின்பரோவை அடுத்த தம் இல்லத்திலேயே உருவாக்கினார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

நான்காவது, தொகுதிகளாகக் கணிக்கும் வழி. 1965இல் குலி, ரூக்கி ஆகியோர் வெளியிட்ட விரைவு பூரியே மாற்றம், நீண்ட தொடர்களைக் கணிக்கும் வேலையைப் பெரிதும் குறைத்தது. இதே முறையைக் கௌஸ் 1805 அளவிலேயே அறிந்திருந்தார் என்பது 1984இற் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது. உள்ளீடுகளை ஒவ்வொன்றாக நோக்காது தொகுதியாகத் திரட்டி இம்மாற்றத்தினூடாகத் திருத்தும் முறைகளை 1978இல் டென்ரினோ, மக்கூல், விட்ரோ ஆகியோரும், 1980இல் பெராராவும், 1981இல் கிளாக், மித்ரா, பாக்கர் ஆகியோரும் உருவாக்கினர். 1,024 நிறைகள் கொண்ட வடிகட்டியிற் பெருக்கல்களின் தொகை இதனால் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காகக் குறையும். இதற்குச் செலுத்தப்பட்ட விலை காத்திருத்தல். தொகுதி நிரம்பும்வரை விடை வராது. உரையாடலில் அத்தாமதம் தானே ஒரு குறையாகின்றது.

எளிமையின் எல்லை

இவ்வழிகளைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அண்ணளவாக்கம் துணிவோடு மேற்கொள்ளப்பட்டது திருத்தற் கணிப்பிலேயாகும். வடித்தற் கணிப்பில் நேரும் பிழை அக்கணமே விடையிற் சேர்ந்து காதை வந்தடைகின்றது. திருத்தற் கணிப்பில் நேரும் பிழையோ அடுத்த வழுவில் வெளிப்பட்டு மீண்டும் திருத்தப்படுகின்றது. தன் பிழையைத் தானே காணும் அமைப்புக்கு நுண்மை குறைந்த அறிவுரையும் போதுமானது. இதனாலேயே திருத்தலில் அளவு கைவிடப்பட்டும் திசை காப்பாற்றியது.

ஆயின் திசையே தவறினால் என்ன நிகழும்? 1980களின் கோட்பாட்டாய்வுகள் இவ்வினாவை எழுப்பின. வழுவின் குறியை மட்டும் கொள்ளும் விதி இலக்கின் அண்மையை அடையும் என்பதை அலன் கேர்ஷோ 1984இல் நிறுவினார். அவ்விதி நெடுங்காலம் பயன்பட்டபின்னரே அந்நிறுவல் கிடைத்தது. அதன் உறுதிக்கு ஆழ்ந்த காரணம் உண்டு. வழுவின் வர்க்கத்தைக் குறைப்பதற்குப் பதிலாக வழுவின் பருமனைக் குறைக்க முயன்றால் இயல்பாகவே பெறப்படும் விதி அதுவாகும். அதாவது குறிக்கோள் மாறியதேயன்றிக் குறிக்கோள் இல்லாமற்போகவில்லை. உள்ளீட்டின் குறியை மட்டும் கொள்ளும் விதிக்கு இத்தகைய பின்பலம் இல்லை. 3, −1, −1 என்னும் மூன்று எண்களும் இதே ஒழுங்கில் முடிவின்றித் திரும்பத் திரும்ப வரும் உள்ளீட்டையும், மூன்று நிறைகளைக் கொண்ட வடிகட்டியையும் உதாரணமாகக் கொள்ளலாம். இம்மூன்று எண்களின் தொகை சக ஒன்று. குறிகளை மட்டும் எடுப்பின் 1, −1, −1. அவற்றின் தொகை சய ஒன்று. மூன்று நிறைகளும் ஒரே அளவாற் பிழைபட்டிருக்கும் நிலையிலே உள்ளீடு ஒரு திசையைச் சுட்ட, அதன் குறிகள் எதிர்த்திசையைச் சுட்டுகின்றன. திருத்தச் சுற்று ஒவ்வொன்றும் பிழையைக் குறைப்பதற்குப் பதிலாக வளர்த்துவிடுகின்றது. எத்தகைய உள்ளீடுகளுக்கு இவ்விதி நம்பத்தக்கது என்பதைச் செதாரெஸ் முதலியோர் 1988இல் வரையறுத்தனர். இரு குறிகளையும் மட்டும் கொள்ளும் விதியும் சில உள்ளீடுகளுக்குத் தவறக்கூடியது என்பது 1986இல் காட்டப்பட்டிருந்தது. ஜி.721இல் பழைய பெறுமானத்தின் ஒரு சிறு பங்கு ஒவ்வொரு முறையும் கழிக்கப்படுவதால் நிறைகள் எல்லையின்றி வளர்வது தடுக்கப்படுகின்றது.

நிறைகளைச் சேமிக்கும் நினைவின் நுண்மையிலும் சிக்கனம் ஆபத்தானது. கிற்லின், மேசோ, ரெய்லர் ஆகியோர் 1973இல் இதனைத் தெளிவாக்கினர். நிறையை 256இல் ஒரு பங்கு வரையே பதியமுடியும் எனக் கொள்ளலாம். வேண்டிய திருத்தம் ஆயிரத்தில் ஒரு பங்காயின் அது பதிவாகாது மறைந்துவிடும்; வழு எஞ்சியிருக்கவும் திருத்தம் நின்றுவிடும். படியளவைக் குறைக்குந்தோறும் செம்மை கூடும் என்னும் கோட்பாடு, நிறைகளை இவ்வாறு எல்லைக்குட்பட்ட இலக்கங்களிற் பதியும் கருவியில் ஓரளவுக்கு மேல் பொய்த்துவிடுகின்றது.

நுண்மையைக் கைவிடாது வேகத்தை மட்டும் நாடிய முறைகளும் சோதனைக்குள்ளாயின. நிறைகளின் தொகையின் வர்க்கத்தோடு வளரும் கணிப்பைக் கொண்ட மீள்வரு இழிவு வர்க்க முறையை, பல்கோணர், லியுங் ஆகியோர் 1978இல் நிறைகளின் தொகையோடு மட்டும் வளருமாறு சுருக்கினர். கடதாசியில் இரண்டும் ஒரே விடையைத் தருவன. எல்லைக்குட்பட்ட இலக்கங்களையுடைய கணனியிலோ சுருங்கிய முறையில் நுண்ணிய பிழைகள் திரண்டு, காலப்போக்கிற் கணிப்பையே குலைத்தன. அண்ணளவான எல்.எம்.எஸ். விதி பல்லாண்டு ஓய்வின்றி இயங்க, நுண்மையான விரைவு முறை இடையிடையே மீளத் தொடங்கவேண்டியதாயிற்று.

பெருக்கல் மலிந்த பின்

1982இல் ரெக்சாஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் நிறுவனம் அறிவித்த டி.எம்.எஸ். 32010 என்னும் சில்லு, 16 இலக்க எண்கள் இரண்டை 200 நனோசெக்கனிற் பெருக்கக்கூடியதாயிருந்தது. அத்தகைய சில்லில் கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் எடுக்கும் நேரம் ஒன்றே. பெருக்கலைத் தவிர்ப்பதற்கான காரணம் மறைந்துவிட்டதெனத் தோன்றிற்று. எல்.எம்.எஸ். விதியைக் கண்டவருள் ஒருவரான ஹொவ், பின்னர் இன்ரெல் நிறுவனத்திற் சேர்ந்து, 1971இல் வெளிவந்த 4004 என்னும் நுண்செயலியின் அமைப்புக்கு அடிகோலியவர் என்பது இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கது. கணிப்பைச் சுருக்கியவரே கணிப்பை மலிவாக்கும் பாதையையும் திறந்துவிட்டார்.

ஆயினும் எளிமையாக்கத்தின் தேவை ஒழிந்துவிடவில்லை; அது இடம்பெயர்ந்தது. சில்லுக்குச் சில்லு செக்கனுக்குப் பல்லாயிரம் கோடி இரும இலக்கங்கள் பாயும் இணைப்புக்களில் இன்றும் சமப்படுத்திகள் தேவைப்படுகின்றன. அவ்வேகத்தில் வழுவைப் பல இலக்க நுண்மையோடு அளப்பதற்கே அவகாசமும் மின்வலுவும் போதா. ஆகவே இரு குறிகளை மட்டும் கொள்ளும் பழைய விதியே அங்கு பெருவழக்காயுள்ளது. பெருக்கல் மலியும்போதெல்லாம் சைகையின் வேகமும் உயர்ந்து, பற்றாக்குறையை மீண்டும் தோற்றுவித்து வந்துள்ளது.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவு இரண்டு. ஒன்று, வடிகட்டிக் கணிதத்தின் வடிவத்தை நிர்ணயித்ததிற் கணிதவியலாளரின் சிந்தனைக்கு உள்ள பங்கு தொலைபேசிக் கம்பிக்கும் செய்மதிக்கும் சில்லின் விலைக்கும் உண்டு. யுத்தம் வீனரின் கோட்பாட்டை வேண்டிநின்றது. தரவும் பேச்சும் அதன் எளிமையாக்கத்தை வேண்டிநின்றன. மற்றையது, அண்ணளவு என்பது அறியாமையின் மறுபெயரன்று. எதனைக் கைவிடலாம் என்பதை அறிவதற்கு, எது கைவிடலாகாதது என்பதை அறிந்திருக்க வேண்டும். லக்கி பருமனைக் கைவிட்டார்; ஆனால் குறியைக் கைவிடவில்லை. கேர்ஷோ நிறுவியது குறி போதுமான இடத்தை. 3, −1, −1 என்னும் சிறு தொடர் காட்டுவது குறி போதாத இடத்தை. இவ்விரண்டையும் ஒருங்கே கற்றபோதே எளிமை கைத்திறன் என்னும் நிலையிலிருந்து அறிவியல் என்னும் நிலைக்கு உயர்ந்தது.